வாளியோடு வந்தவர்களுக்கு நன்றி

தோட்டத்து நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்தக் கோடையில் ஜப்பானிய வண்டுகளிடம் நம் பாத்திகள் பட்ட பாட்டை எல்லோரும் கண்ணால் கண்டீர்கள். அதை மறுபடி விவரிக்கவில்லை. என் திராட்சைக்கொடி பிழைத்துவிட்டது. நேற்று கணுக்களில் தளிர் விட்டிருப்பதைப் பார்த்தேன். மனத்தில் அந்த ஈரம் காய்வதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதல் நன்றி பக்கத்துப் பாத்தி அம்மாவுக்கு. அப்பாவுடன் நான் மருத்துவமனையே கதியென்று கிடந்தபோது, யாரும் கேட்காமலே விடியற்காலையில் சோப்புத் தண்ணீர் வாளியுடன் என் கொடியடிக்கு வந்திருக்கிறார். வெயில் ஏறும்முன் ஜப்பானிய வண்டு மந்தமாக இருக்கும். தட்டினால் பொத்தென்று விழும். வாளியை அடியில் பிடித்துக்கொண்டு கிளை கிளையாகத் தட்டியிருக்கிறார். கடிபட்ட இலையின் வாசனைக்கே மேலும் வண்டுகள் வந்து மொய்க்கும் என்பதால் ஒரு காலையும் தவறவில்லை.

நான் திரும்பியதும் ஒரு வண்டைக் காட்டினார். பச்சைத் தலை, செம்பு நிறச் சிறகு, ஓரங்களில் வெள்ளை மயிர்க்கற்றை. தலைக்குப் பின்னே கடுகிலும் சிறிய வெள்ளைப் புள்ளி ஒன்று. அது ஓர் ஈ இட்ட முட்டையாம். பொரிக்கும் புழு உள்ளே துளைத்துச் சென்று வண்டைக் கொன்றுவிடுமாம். "இதை மட்டும் வாளியில் போட்டுவிடாதே, நமக்கு வேலை செய்கிற ஈ பிழைக்கட்டும்" என்று அதை இலையிலேயே விட்டார். நரம்பு மட்டும் மிஞ்சிய அந்த இலைகளுக்கு நடுவே, இன்னொருவர் கொடிக்காக, ஒவ்வொரு வண்டின் முதுகையும் பார்த்துப் பார்த்துப் பிரித்திருக்கிறார்! என்னால் ஒரு வார்த்தையும் பேச முடியவில்லை. அம்மா, அன்று சொல்லாத நன்றியை இங்கே எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன்.

புல்தரையைக் கிளறி இந்த வண்டின் வெண்புழுக்களைப் பொறுக்கியவர்கள், வண்டு பிடிக்கும் பொறிகளே வண்டுகளைக் கூட்டிவருகின்றன என்று அவற்றைப் பாத்திகளை விட்டுத் தள்ளி வைத்தவர்கள், வண்டு புல்தரை மண்ணில் முட்டையிடும் மாதங்களில் புல்லுக்குத் தண்ணீரைக் குறைக்கச் சொன்னவர்கள், அப்பாவை விசாரித்துக்கொண்டே இருந்தவர்கள், உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

1916இல் நியூ ஜெர்சியில் முதன்முதலாகத் தென்பட்ட இந்த வண்டு நூறாண்டு கடந்தும் அமெரிக்க மண்ணை விட்டுப் போகவில்லை. 300க்கும் மேற்பட்ட செடிவகைகளைத் தின்கிறது. ஒருவர் பாத்தியைக் காத்தால் மட்டும் போதாது என்பதை இந்த ஆண்டு நேரிலேயே கண்டோம். வரும் கோடையில் ஊருக்குப் போகிறவர்கள் யாராக இருந்தாலும் என்னிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போங்கள். உங்கள் செடிகளுக்கும் காலையில் நான் வாளியுடன் வருவேன். வெள்ளைப் புள்ளி வண்டுகளை விட்டுவைப்பேன்.