ரிக்வுட்டுக்கும் அரை நாள் ஒதுக்குங்கள்

அட்லாண்டாவிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் தமிழ்ச் சங்கமும் தமிழ்ப் பள்ளியும் நடத்தும் அண்ணன்மார், அக்காமார், நண்பர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

விடுமுறை வந்தால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அலபாமாவின் பர்மிங்ஹாமுக்குப் போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். 1963இல் குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்த பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயம், பக்கத்தில் கெல்லி இங்ராம் பூங்கா, சிவில் உரிமைகள் அருங்காட்சியகம். மூன்றையும் பார்த்து, சாப்பிட்டு, காரைத் திருப்பிவிடுகிறோம். நானும் இரண்டு முறை அப்படித்தான் திரும்பினேன். மூன்றாம் முறை மகளோடு ரிக்வுட் பேஸ்பால் மைதானத்துக்குப் போனேன். அங்கே பார்த்ததைச் சொல்லத்தான் இந்த மடல்.

நகரத்தின் நடுவிலிருந்து மேற்கே சில மைல் தூரம்தான். சுற்றிலும் சின்னச் சின்ன வீடுகள் இருக்கும் சாதாரணத் தெரு. அதன் ஓரத்தில் நிற்கிறது, அமெரிக்காவில் இன்றும் இருக்கும் தொழில்முறை பேஸ்பால் மைதானங்களிலேயே மிகப் பழையது. 1910 ஆகஸ்ட் 18இல் திறந்தார்கள். பாஸ்டனின் பேர்போன ஃபென்வே பார்க்கைவிட இரண்டு வயது மூத்தது. கட்டியவர் ரிக் வுட்வர்டு என்ற இரும்பாலை முதலாளி. அவருடைய பர்மிங்ஹாம் பேரன்ஸ் அணி மைனர் லீக் அணி. நாட்டின் உச்ச மட்டமான மேஜர் லீகுக்கு ஏறத் துடிக்கும் இளம் ஆட்டக்காரர்கள் பழகும் படிக்கட்டு என்று அதைச் சொல்லலாம். 1987 வரை பேரன்ஸுக்கு இதுதான் வீடு.

உள்ளே போனால் இரும்புத் தூண்கள் தாங்கும் தாழ்ந்த கூரையும் அந்தக் காலத்து மாதிரியில் எழுதிய விளம்பரப் பலகைகளும் கண்ணில் படும். இப்போதைய வேலிக்குப் பின்னால், பழைய கான்கிரீட் சுவர் அப்படியே நிற்கிறது. என் மகள் பள்ளியில் சாஃப்ட்பால் ஆடுகிறவள். பந்து அந்தச் சுவர் வரைக்கும் போக எவ்வளவு பலம் வேண்டும் என்று கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தாள்.

அவளை வலது மூலைப் பக்கம் அழைத்துப் போனேன். பேரன்ஸ் வெள்ளையர் அணி. அவர்கள் ஆடும்போது கறுப்பின மக்களும் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி வரலாம். ஆனால் அந்தப் பக்கத்துத் தனி கேலரியில்தான் உட்கார வேண்டும். இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர் டீக்கடைகளின் தனிக் குவளைதான் நினைவுக்கு வந்தது.

பேரன்ஸ் வெளியூர் போயிருக்கும் நாட்களில் இதே மைதானம் பிளாக் பேரன்ஸ் அணிக்கு. 1920களில் தொடங்கி 1960 வரை ஆடிய கறுப்பினத்தவர் அணி அது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும், போட்டிருக்கும் நல்ல உடுப்போடு குடும்பம் குடும்பமாக இங்கே வந்து நிறைவார்களாம். பேர்போன கறுப்பினப் பந்து வீச்சாளர் சாட்செல் பெய்ஜ் இங்கே பந்து வீசியிருக்கிறார். 1943, 1944, 1948 மூன்று ஆண்டும், கறுப்பினத்தவர் அணிகள் ஆடிய நீக்ரோ அமெரிக்கன் லீகின் பட்டம் இவர்களுக்குத்தான். நான் சொல்லி முடித்ததும் மகள் கேட்டாள்: “ஞாயித்துக்கிழமை இங்க உக்காந்த அதே ஆளுங்கதான் அடுத்த வாரம் அந்த மூலைக்குப் போகணுமா?” அதே ஆட்கள்தான் என்றேன். கொஞ்ச நேரம் அவள் பேசவே இல்லை.

1950இல் பர்மிங்ஹாம் நகரம் ஒரு சட்டத்தை விரிவுபடுத்தியது. வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து ஆடக் கூடாத விளையாட்டுகளின் பட்டியலில் சீட்டு, பகடை, செக்கர்ஸ் இவற்றோடு பேஸ்பாலும் சேர்ந்தது. 1954 தொடக்கத்தில் அதைத் தளர்த்தினார்கள். சில மாதங்களிலேயே ஊர் மக்கள் வாக்களித்து, தடையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்தத் தடையைத் தூக்கிப் பிடித்தது நான்கு அதிகாரிகள் மட்டும் இல்லை, ஊரே என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். இரு நிறத்தவரும் சேர்ந்த பேரன்ஸ் அணி இங்கே இறங்கியது 1964இல்தான்.

இன்னொன்றும் சொல்கிறேன். 1963இல் பள்ளிப் பிள்ளைகள் மீது நாயையும் தண்ணீர்க் குழாயையும் ஏவிய புல் கானரை, நகரக் காவல் துறையைக் கையில் வைத்திருந்த அந்த அதிகாரியை, அருங்காட்சியகத்தில் எல்லோரும் பார்க்கிறோம். அவர் ஊருக்கு அறிமுகமானது வானொலியில், பேரன்ஸ் ஆட்டங்களின் வர்ணனையாளராக. தந்தியில் வரும் துண்டுச் செய்தியை வைத்துக்கொண்டு, நேரில் பார்ப்பதுபோலவே பேசுவாராம். அதே ஊரில், ஆலைத் தொழிலாளர் அணியில் ஆடிய ஒருவரின் மகன், 1948இல் பள்ளி மாணவனாக இருந்துகொண்டே பிளாக் பேரன்ஸுக்கு ஆட வந்தான். வயது 17. பெயர் வில்லி மேஸ். பிறகு மேஜர் லீகில் 660 ஹோம் ரன் அடித்தவர்.

2024 ஜூன் 20 அன்று இங்கே முதல் முறையாக ஒரு மேஜர் லீக் ஆட்டம் நடந்தது. மேஸைப் போற்றவும்தான் அந்த ஏற்பாடு. இரண்டு நாள் முன்பு, ஜூன் 18இல், அவர் 93 வயதில் காலமானார். அன்று இதே மைதானத்தில் மைனர் லீக் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் செய்தியை அறிவித்ததும் கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. ஜூன் 20 ஆட்டத்தில் அம்பயர்கள் எல்லோரும் கறுப்பினத்தவர்கள். மேஜர் லீக் வரலாற்றில் அதுவே முதல் முறை. அன்று தொலைக்காட்சியில், பின்னாளில் மேஜர் லீகில் பேரெடுத்த கறுப்பின ஆட்டக்காரர் ரெஜி ஜாக்சன், 1967இல் இங்கே ஆடியபோது உணவகங்களும் ஹோட்டல்களும் தன்னை உள்ளே விடாததை ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். முடிந்தால் பிள்ளைகளோடு அமர்ந்து அந்தப் பேச்சைப் பாருங்கள்.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்பீர்கள். 1965 குடியேற்றச் சட்டத்துக்கு முன் இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 100 இடம்தான் ஒதுக்கியிருந்தார்கள். கதவு திறந்தது, சிவில் உரிமைப் போராட்டம் இந்த நாட்டின் மனதை அசைத்த பிறகுதான். தெருவில் அடிபட்டவர்களும் அந்த மூலை கேலரியில் உட்கார்ந்தவர்களும் நமக்கு வழி விட்டவர்கள். நம் பிள்ளைகள் அதைத் தெரிந்து வளர வேண்டும் என்று விரும்புகிறேன்.

அதனால் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த பர்மிங்ஹாம் பயணத்தில் ரிக்வுட்டுக்கும் அரை நாள் ஒதுக்குங்கள். காலையில் அருங்காட்சியகம், அப்புறம் மைதானம். உள்ளே போக வழி இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். பிள்ளைகளை முதலில் வலது மூலையிலிருந்து பார்க்கச் சொல்லி, பிறகு பந்தடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட் பக்கம் அழைத்து வாருங்கள். அலபாமா எல்லை தாண்டினால் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும், அதனால் போகும்போது நேரம் நம் பக்கம். வேன் ஓட்ட ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

அன்புடன்,
தமிழ்ப் பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளையின் அப்பா