சம்பளக் கடிதம் இல்லாத தகப்பனின் பிள்ளை எதைப் பதிவேற்ற வேண்டும்?

மாணவர் உதவுதொகைப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பொறுப்பதிகாரி அவர்களுக்கும் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் குழுவினருக்கும்,

வணக்கம். பர்சரி என்று பிள்ளைகள் சொல்லும் உதவுதொகைக்கு விண்ணப்பிக்கும் முறையில் இவ்வாண்டு தாங்கள் கொண்டுவந்த மாற்றங்களை யாராவது எங்களுக்கு விளங்கும்படி சொல்லித் தர வேண்டும் என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தின் பெயரையோ பிள்ளையின் பெயரையோ இங்கே குறிப்பிடவில்லை. இதே விடயமாக நான் பதிவுத் தபாலில் அனுப்பிய இரண்டு கடிதங்கள் தங்கள் கோவைகளில் எங்கோ இருக்கும் என்பதால், யாரைப் பற்றி எழுதுகிறேன் என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

நான் அரச திணைக்களமொன்றில் முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். கொட்டாஞ்சேனையில் நாங்கள் குடியிருக்கும் தோட்டத்தில், அதாவது நெருக்கமான வரிசை வீட்டுக் குடியிருப்பில், யாருக்கு எந்தப் படிவம் வந்தாலும் அது கடைசியில் என் வீட்டு மேசைக்கு வந்து சேரும். அப்படித்தான் சென்ற மாதம், எதிர்வரிசை வீட்டுப் பிள்ளை தன் கைபேசியை நீட்டிக்கொண்டு வந்து நின்றாள். பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் அவளுடைய இசட் புள்ளி எங்கள் தோட்டம் முழுவதும் மனப்பாடம். மகாபொல புலமைப்பரிசில் பட்டியலில் அவளுடைய பெயர் வரவில்லை. ஆகவே மிஞ்சியிருப்பது தங்களுடைய உதவுதொகைதான்.

2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகவும், உதவுதொகை 4,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டபோது நாங்கள் மகிழ்ந்தோம். அன்று உயர்த்திய அந்த மாதம் 6,500 ரூபா நாளொன்றுக்கு 217 ரூபாவுக்கும் சற்றுக் குறைவாக இருந்தது. வெளியில் வாங்கும் ஒரு சோற்றுப் பார்சலுடன் தீர்ந்துவிடும் தொகை. ஆனாலும் கொழும்பை விட்டு வெளியூரில் தங்கிப் படிக்கப் போகும் பிள்ளைக்கு அந்தப் பார்சல் பெரிய விடயம் என்பதால்தான் இத்தனை பேர் தங்கள் கருமபீடத்தின் முன் வரிசையில் நிற்கிறார்கள்.

கடந்த ஆண்டு வரை இருந்த நடைமுறை தங்களுக்குத் தெரியும். அச்சிட்ட படிவத்தை நிரப்பி, கிராம உத்தியோகத்தரிடம் வருமானத்தை உறுதிப்படுத்தி, பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்கிக் கையளித்தால் போதும். அதில் மோசடி நடந்தது என்பதையும் நான் மறுக்கவில்லை. வாசலில் கார் நிற்கும் வீட்டுக்காரர் வறியவர் என்று எழுதி வாங்கிச் சென்றதை நானே கண்டிருக்கிறேன். ஆகவே தாங்கள் விதிகளை இறுக்கியதில் எனக்குக் குறையில்லை. இறுக்கிய விதி யாருடைய கழுத்தில் இறுகுகிறது என்பதைத்தான் தாங்கள் பார்க்க வேண்டும்.

இவ்வாண்டு எல்லாம் இணைய வழியில். பெற்றோரின் தொழில் என்ற பகுதியில், சம்பளம் பெறுபவராயின் தொழில்தருநரின் கடிதத் தலைப்பில் சம்பளக் கடிதம். சுயதொழில் செய்பவராயின் வியாபாரப் பதிவுச் சான்றிதழ். இரண்டில் ஒன்றைப் பதிவேற்றாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. சிவப்பு நட்சத்திரம் இட்ட கட்டம் அது.

இந்தப் பிள்ளையின் தகப்பன் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் நாட்டாமை வேலை, அதாவது மூட்டை சுமக்கும் வேலை செய்பவர். விடியற்காலையில் லொறி வந்தால் வெங்காயமும் பருப்பும் இறக்குவார். இறக்கிய மூட்டைக் கணக்குக்குக் காசு. ஒரே நாளில் நான்கு கடைகளுக்கு இறக்குவதும் உண்டு, ஒரு கடைக்கும் இல்லாமல் கைவண்டியில் சாய்ந்துகொண்டு இருந்துவிட்டு வருவதும் உண்டு. அவர் சம்பளம் பெறுபவரா, சுயதொழில் செய்பவரா? என் முப்பத்தொரு வருட அனுபவத்தில் இதற்கு விடை இல்லை. தங்கள் படிவத்திலும் இல்லை.

ஆனாலும் அவர் முயன்றார். இருபது வருடமாகத் தன்னைத் தெரிந்த முதலாளி ஒருவரிடம் போய்க் கேட்டார். அந்த முதலாளி கெட்டவர் அல்லர். பிள்ளை பல்கலைக்கழகம் போகிறாள் என்றதும் ஆயிரம் ரூபாவை எடுத்து நீட்டியிருக்கிறார். கடிதம் மட்டும் தர மறுத்துவிட்டார். காரணம் எளியது. இவர் என்னிடம் வேலை செய்கிறார், மாதம் இவ்வளவு கொடுக்கிறேன் என்று கடிதத் தலைப்பில் எழுதிக் கையொப்பமிட்டால், அந்த நிமிடமே அவர் தொழில்தருநர் ஆகிவிடுகிறார். 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி தொழில்தருநர் பங்கான நூற்றுக்கு 12 வீதத்தை இத்தனை வருடமாக ஏன் கட்டவில்லை என்று நாளைக்கு ஒருவர் கேட்கலாம். ஆகவே தாங்கள் கேட்கும் அந்தக் கடிதம், புறக்கோட்டையில் எந்த முதலாளியும் எந்த நாட்டாமைக்கும் எழுதிக் கொடுக்க மாட்டாத ஒரு கடிதம். வசதியுள்ளவர் அதை ஒரு தொலைபேசி அழைப்பில் பெற்றுக்கொள்வார். யாருக்காக உதவுதொகை ஏற்பட்டதோ அவருக்கு அது கிடைக்காது.

இரண்டாம் நாள் கிராம உத்தியோகத்தரிடம் போனார். இம்முறை எங்கள் கடிதம் கேட்கப்படவில்லையாமே, பழைய மாதிரியில் வேண்டுமானால் தருகிறேன் என்றார் அவர். மூன்றாம் நாள் சமாதான நீதவான் ஒருவரிடம் சத்தியக்கடதாசி முடித்து, அதையும் எடுத்துக்கொண்டு நாங்கள் மூவரும் சந்தியிலுள்ள கொமியுனிகேஷன் கடைக்குப் போனோம். பிள்ளை தொழில்தருநர் கட்டத்தில் ஒரு கோடு போட்டாள், ஏற்கவில்லை. 'இல்லை' என்று எழுதினாள், ஏற்கவில்லை. சத்தியக்கடதாசியைப் பதிவேற்ற இடம் தேடினோம். அப்படி ஓர் இடமே இல்லை. அங்கே போட்டோக் கொப்பி எடுக்கும் பையன் எங்கள் நிலையைப் பார்த்துவிட்டு, மிகுந்த இரக்கத்துடன், ஐந்நூறு ரூபா தந்தால் ஒரு கம்பனிக் கடிதம் அடித்து முத்திரையும் வைத்துத் தருவதாகச் சொன்னான். இந்த ஒரு கிழமையில் பதினைந்து பேருக்கு மேல் செய்து கொடுத்தானாம்.

பிள்ளை என்னைப் பார்த்தாள். "அங்கிள், பொய்க் கடிதம் வைச்சுப் பிறகு பிடிபட்டா என்ட பட்டமும் போயிடுமா?" என்று கேட்டாள். கடைசிப் பக்கத்து உறுதிமொழியை, தவறான தகவல் தந்தால் ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கப்படும் என்ற அந்த வரியை, அவள் வாசித்திருக்கிறாள். தகப்பன் ஒன்றும் பேசவில்லை. மூன்று நாள் கூலி போன கணக்கு அவருக்கு. நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். விண்ணப்பம் இன்னும் அந்தச் சிவப்பு நட்சத்திரத்தில்தான் நிற்கிறது.

பொய்யரைப் பிடிக்கத் தாங்கள் வைத்த கண்ணியில் பொய்யர் ஐந்நூறு ரூபாவுடன் கடந்து போகிறார். உண்மை சொல்லும் பிள்ளை மட்டும் மாட்டிக்கொள்கிறாள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மகாபொல நிதியம் 1981 இல் சட்டத்தால் அமைந்தது. அபிவிருத்தி லொத்தர் சபையின் வருமானத்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. இந்தத் தகப்பன் வேலை கிடைத்த நாளில் ஐந்துலாம்புச் சந்தியில் ஒரு லொத்தர் சீட்டு வாங்குவார், மனைவிக்குத் தெரியாமல்தான். அந்தச் சீட்டை விற்பவர் இதுவரை ஒருநாளும் அவரிடம் சம்பளக் கடிதம் கேட்டதில்லை.

மாற்றங்களை அறிவித்த விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் அறிவித்தல் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் வந்தது. அதை மாணவர்கள் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். பின்னர் ஒரு திருத்தம், அதற்கொரு திருத்தம். இப்போது பிள்ளைகளின் கைபேசிகளில் மூன்று அறிவித்தல்கள் உலாவுகின்றன. எது கடைசி என்று அவற்றில் திகதியைப் பார்த்தும் சொல்ல முடியாது. முடிவுத் திகதிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது தமிழிலும் ஒன்று வந்தது. அதில் பெற்றோர் இல்லாத பிள்ளைகள் 'காவலாளியின்' வருமானத்தைக் காட்ட வேண்டும் என்று இருக்கிறது. பாதுகாவலரைத்தான் சொல்கிறீர்கள் என்று நான் ஊகித்துக்கொண்டேன். ஊகிக்கத் தெரியாத பிள்ளை, எந்தக் கட்டடத்து வாயிலில் நிற்கும் காவலாளியிடம் போய் அவருடைய சம்பளத்தைக் கேட்பாள்? 1987 இல் 13 ஆம் திருத்தத்தின் மூலம் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாகிவிட்டது. இத்தனை வருடத்தில் ஒரு பக்க அறிவித்தலை ஒழுங்காக மொழிபெயர்க்க ஒருவரைத் தேடிக்கொள்ள முடியாமற் போனதா? அரச அலுவலகங்களில் தமிழ் எப்போதும் கடைசி பஸ்ஸில்தான் வருகிறது, அதுவும் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு.

மன்னிக்க வேண்டும். கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன்.

தங்கள் கருமபீடத்தில் இருந்த அம்மணி எங்களை அன்பாகவே நடத்தினார் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். "ஐயா, சிஸ்டம் எடுக்காவிட்டால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது" என்றார். அந்தக் கதிரையில் இருந்து நானும் இதே வசனத்தைப் பலருக்குச் சொல்லியிருக்கிறேன், அப்போது சிஸ்டம் என்பதற்குப் பதிலாகச் சுற்றறிக்கை என்று சொல்வோம். ஆகவே அவர்மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த சிஸ்டத்துக்கு என்ன கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவர் யாரோ ஒருவர் இருக்கிறார். அவரிடம்தான் கேட்கிறேன்.

எது மாறியது, ஏன் மாறியது, கேட்கும் பத்திரம் இல்லாதவர் அதற்குப் பதிலாக எதைத் தரலாம்: இம்மூன்றையும் திகதியிட்டு, ஒரே அறிவித்தலாக, வாசித்தால் விளங்கும் தமிழில் வெளியிடுங்கள். நாட்கூலிக்காரர், நாட்டாமை, வீட்டு வேலைக்குப் போகும் தாய், கடலுக்குப் போகும் தகப்பன் ஆகியோருக்கு முன்போலவே கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலையும் சத்தியக்கடதாசியையும் ஏற்றுக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் வீட்டுக்கு ஒருவரை அனுப்பிப் பாருங்கள், எங்கள் தோட்டத்தில் வறுமையைக் கண்டுபிடிக்க நீண்ட நேரம் செல்லாது. அந்த அறிவித்தல் வெளிவந்து குறைந்தது இரண்டு வாரமாவது ஆகும்வரை விண்ணப்பத்தை மூடாதிருங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இவற்றை நான் எழுதிக் கேட்கலாம். பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவைத் தாங்கள் அறிவிக்கவும் வேண்டும். அதற்குள் முடிவுத் திகதி போய்விடும் என்பதால்தான் இப்படிப் பலர் முன் கேட்க நேர்ந்தது.

மீண்டும் பணிவுடன் கேட்கிறேன். எது மாறியது, ஏன் மாறியது, இல்லாதவர் எதைத் தரலாம்.

எதிர்வரும் திங்கட்கிழமை அந்தப் பிள்ளையின் தகப்பனுடன் தங்கள் அலுவலகத்துக்கு வர எண்ணியிருக்கிறேன். அது அவருக்கு நான்காவது நாள் கூலி. ஆகவே வரும்போது எந்தப் பத்திரத்தைக் கையில் கொண்டுவர வேண்டும் என்பதை அதற்கு முன் அறியத் தந்தால் மிகவும் நன்றியுடையவனாவேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.