சங்கமித்தை வந்திறங்கிய கரையில் இருப்பவளுக்கு

மாத்தளை
போயாவுக்கு மறுநாள்

அன்பின் கமலா,

அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். வாசித்ததும் பெரிய ஆறுதல். இங்கே மழை விட்டபாடில்லை. மகன் கொழும்பிலேயேதான் இருக்கிறான், மாதத்துக்கு ஒரு தடவை வந்து முகம் காட்டிவிட்டுப் போகிறான். வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

உன் கடிதத்தின் கடைசிப் பக்கம்தான் மனதில் கிடந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. "ஓய்வு பெற்ற பிறகு பாளி படிக்கிறாய், பிக்குணிகளிடம் போய்வருகிறாய், சரி. சமாதானத்தைச் சொன்ன மதம் எங்கள் ஊருக்கு மட்டும் ஏனடி ஆர்மி வண்டியில் வருகிறது?" என்று கேட்டிருந்தாய். உங்கள் காணி இன்னும் ஆர்மியிடமிருந்து விடுபடவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் புதுசாக ஒரு விகாரை எழும்புவதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறவளிடம் நான் நியாயம் பேசப்போவதில்லை. பஞ்ச சீலத்தில் இரண்டாவது, தனக்குக் கொடுக்கப்படாததை எடுக்காமல் இருப்பது. முழுநிலாப் போயாவுக்குப் போயா வாய்விட்டுச் சொல்கிற சீலம் அது. காணிக்காரரைக் கேட்காமல் கட்டிய இடத்தில் இருந்துகொண்டு அதைச் சொல்ல எப்படி மனம் வருகிறது என்று எனக்கும் விளங்கவில்லை.

ஆனால் நான் போய் உட்காருகிற இடம் வேறு. அதை உனக்குச் சொல்ல வேண்டும்.

தம்புள்ளை வீதியில், நாலந்தாவையும் தாண்டி உள்ளே போனால் பிக்குணிகள் தங்குகிற ஒரு சின்ன ஆராமய இருக்கிறது. தகரக் கூரை, ஒரு போதிமரக் கன்று, ஐந்தாறு அறை. தலைமைப் பிக்குணிக்கு எழுபது தாண்டிவிட்டது. காலையில் ஈர்க்கு விளக்குமாற்றால் முற்றத்தைக் கூட்டுவது அவர்தான், யாரையும் விடமாட்டார். கூட்டி முடியும் நேரத்துக்குப் பெண்கள் வரத் தொடங்குவார்கள். தேங்காய், பருப்பு, ஒரு பை அரிசி என்று ஏதாவது கையில் இருக்கும். வந்ததற்குக் காரணம் அது மட்டும் இல்லை. புருஷன் குடித்துவிட்டு அடித்தது, மகள் வெளிநாட்டு வேலைக்குப் போன இடத்திலிருந்து இரண்டு மாதமாகப் பேசாதது, கர்ப்பப்பையில் கட்டி என்று டாக்டர் சொன்னது. பன்சலையில் ஆண் துறவியான ஹாமுதுருவிடம் இதையெல்லாம் எந்தப் பெண் சொல்வாள்? இங்கே பாயில் உட்கார்ந்து கொட்டிவிடுகிறார்கள். தோட்டத்திலிருந்து நம் ஆட்களும் வருகிறார்கள், கமலா. பாதித் தமிழும் பாதிச் சிங்களமுமாகப் பேச்சு ஓடும்.

ஒருநாள் ஒரு பெண் தன் புருஷனையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். சம்பளக் காசு முழுவதையும் வாங்கி வைத்துக்கொண்டு, உப்பு வாங்கக்கூடக் கையேந்த வைக்கிறவன். பிக்குணி அவனைத் திட்டவில்லை. சிகாலன் என்ற இளைஞனுக்குப் புத்தர் சொன்ன உபதேசத்தில் ஒரு பகுதியைப் பாளியில் ஓதி, பொருளும் சொன்னார். மனைவிக்குக் கணவன் செய்ய வேண்டியவை ஐந்து: மதிக்க வேண்டும், இழிவாகப் பேசக்கூடாது, துரோகம் செய்யக்கூடாது, வீட்டு அதிகாரத்தை அவள் கையில் ஒப்படைக்க வேண்டும், நகை வாங்கித் தர வேண்டும். "இரண்டாயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முந்தியே சொல்லியாகிவிட்டது, மகன், சாவியை அவளிடம் கொடு" என்றார். மனைவிக்கும் ஐந்து கடமைகள் அதே உபதேசத்தில் உண்டு. அதையும் விடாமல் சொன்னார். வீட்டுச் சமாதானம் என்றால் பெண் வாயை மூடிக்கொண்டிருப்பது என்றுதானே நமக்குச் சொல்லி வளர்த்தார்கள்? இங்கே இரண்டு பேருக்கும் கணக்கு எழுதியிருக்கிறது.

பழைய பிக்குணிகளின் பாடல்களைச் சேர்த்து வைத்த தேரிகாதையை இப்போது மெல்ல மெல்ல வாசிக்கிறோம். அந்தத் தேரிகளில் சோமா என்று ஒருத்தி. சாவத்திக்குப் பக்கத்துக் காட்டில் ஒரு மரத்தடியில் தியானத்தில் இருக்கிறாள். தியானத்தைக் கலைக்கிற மாரன் வந்து, முனிவர்கள் அடைகிற இடத்தை இரண்டு விரல் புத்தி உள்ள பெண் அடைய முடியாது என்கிறான். அது என்ன இரண்டு விரல்? சின்ன வயதிலிருந்து சோறு ஆக்கினாலும், பதம் வந்துவிட்டதா என்று பெண்கள் பருக்கையை இரண்டு விரலால் நசுக்கித்தானே பார்க்கிறார்கள், அந்த ஏளனம் என்று உரைகாரர் சொல்கிறார். சோமா அசையவே இல்லை. மனம் நன்றாக நிலைத்து, அறிவும் நடந்துகொண்டிருக்கும்போது பெண்ணாய் இருப்பது என்ன செய்துவிடும் என்று கேட்கிறாள். நான் பெண், நான் ஆண் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களிடம் போய் இதைப் பேசு என்று அனுப்பிவிடுகிறாள். அதை வாசித்த அன்று நான் அடுப்படியில் நின்று பருக்கையை நசுக்கும்போது அவளைத்தான் நினைத்தேன்.

ஆரம்பத்திலேயே இது லேசாகக் கிடைத்ததில்லை. புத்தரை வளர்த்த சிற்றன்னை மகாபிரஜாபதி கௌதமி துறவு கேட்டபோது அவர் மறுத்துவிட்டார். அவள் தலையை மழித்துக்கொண்டு, காவி உடுத்தி, சாக்கியப் பெண்கள் பலரைக் கூட்டிக்கொண்டு கபிலவஸ்துவிலிருந்து வைசாலிவரைக்கும் நடந்தே போனாள். கால் வீங்கி, உடம்பெல்லாம் புழுதியாக, வாசலில் அழுதுகொண்டு நின்றவளை ஆனந்தர் பார்த்தார். அவர்தான் உள்ளே போய்க் கேள்வியைச் சரியாகப் போட்டார்: வீட்டை விட்டு வந்த பெண்ணால் விடுதலையின் நான்கு நிலைகளையும் அடைய முடியுமா, முடியாதா? முடியும் என்றார் புத்தர். அதற்குப் பிறகு மறுக்க என்ன இருக்கிறது? அனுமதி கிடைத்தது, எட்டு நிபந்தனைகளோடு. அதில் முதலாவதை நான் இன்றுவரை ஏற்கவில்லை. நூறு வருஷம் பிக்குணியாய் இருந்தவளும், அன்றைக்குத்தான் துறவு பூண்ட பிக்குவை எழுந்து வணங்க வேண்டும். இவை பிற்காலத்தில் சேர்ந்தவை என்று வாதிடும் அறிஞர்கள் இருக்கிறார்கள். கௌதமியே பிறகு, யார் மூத்தவரோ அவரை வணங்குவது என்று வைக்கக்கூடாதா என்று கேட்டு அனுப்பியதாகத் துறவிகளின் ஒழுங்குநூலான வினயத்திலேயே இருக்கிறது. அதற்கு இடம் கிடைக்கவில்லை.

சில வருஷத்துக்கு முந்தி ஒரு செத்த வீட்டில் ஏழாம் நாள் தானம். வெள்ளை விரித்த ஆசனங்களில் பிக்குகள் இருந்தார்கள். நம் பிக்குணிக்கு ஓரத்தில், தாழ்ந்த ஒரு பாய். மீசை அரும்பாத ஒரு பிக்கு கடைசியாக உள்ளே வந்தார். இந்த எழுபது வயது மனுஷி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, குனிந்து கும்பிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. திரும்பும் வழியில் முச்சக்கர வண்டிக்குள் கேட்டேவிட்டேன். "கும்பிட்டதால் எனக்கு ஒன்றும் குறையவில்லை. என் சின்னப் பிள்ளைகளுக்குப் பரீட்சை எழுத அடையாள அட்டை தரமாட்டேன் என்கிறார்களே, அதுதான் எனக்குக் கவலை" என்றார்.

ஏன் தரமாட்டேன் என்றார்கள் என்ற கதையைத்தான் நீ கேட்க வேண்டும். மகாவம்சம் என்றால் முகம் சுளிப்பாய், இருந்தாலும் கேள். இராணி அனுலா துறவு கேட்டபோது, பெண்ணுக்குத் துறவு கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை, என் தங்கை சங்கமித்தையை அழைத்துவாருங்கள் என்கிறார் அசோகனின் மகன் மகிந்தர். அவள் வரும்வரை அனுலாவும் அவளுடைய பெண்களும் பத்துச் சீலம் எடுத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அசோகனுடைய மகள் பதினொரு பிக்குணிகளோடும் போதிமரக் கிளையோடும் வந்து இறங்கிய சம்புகோளம் உங்கள் மாதகல் பக்கத்துக் கரைதான். கிளையை வாங்க அரசன் கழுத்தளவு தண்ணீரில் இறங்கினானாம். எல்லோரும் அந்த மரத்தைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அந்தப் பன்னிரண்டு பெண்களும்தான் பெரிது. கடலைக் கடந்து அவர்கள் கொண்டுவந்தது, ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குத் துறவு கொடுக்கும் உரிமை.

அந்த உரிமை இங்கேயே நின்றுவிடவும் இல்லை. 5ஆம் நூற்றாண்டில், 430ஐ ஒட்டி, இலங்கைப் பிக்குணிகள் கப்பலேறிச் சீனாவின் நான்ஜிங்குக்குப் போனார்கள். முதலில் போனவர்கள் முறைப்படி வேண்டிய பத்துப் பேருக்குக் குறைவு. அதனால் இன்னொரு குழு போய்ச் சேர்ந்தது. முன்னூறுக்கும் மேற்பட்ட சீனப் பெண்கள் அவர்களிடம் துறவு பெற்றார்கள்.

அப்புறம் நம் ஆட்கள் வந்தார்கள். 993இல் இராஜராஜனின் படை, 1017இல் இராஜேந்திரன் காலத்தில் ஐந்தாம் மகிந்தனையே சிறைபிடித்துக்கொண்டு போனது. அந்தப் போர்களோடு அநுராதபுரத்துப் பிக்குணிகளின் தடமே இல்லாமல் போய்விட்டது. (அதே சோழர்தான் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்தார்கள். திருகோணமலைப் பக்கம் ஒரு விகாரை இராஜராஜப் பெரும்பள்ளி என்று அவர் பெயரிலேயே இருந்தது. அதையும் நான் மறக்கவில்லை.) பிக்குகளும்தான் குறைந்துபோனார்கள். நாட்டைத் திரும்பப் பிடித்த விஜயபாகு பர்மாவுக்கு ஆள் அனுப்பிப் பிக்குகளை வரவழைத்து அந்தப் பரம்பரையைத் திரும்ப நட்டான். பெண்களுடையதை அப்படி யாரும் வந்து நடவில்லை. பிக்குணியாக்கப் பிக்கு, பிக்குணி இரண்டு சங்கமும் வேண்டும், பிக்குணிகளே இல்லாதபோது எப்படி ஆக்குவது என்று ஏறக்குறைய தொள்ளாயிரம் வருஷம் கதவைச் சாத்தி வைத்துவிட்டார்கள். யுத்தம் அழித்ததில் எதைத் திரும்பக் கட்டுவது என்று யார் தீர்மானிக்கிறார்கள் பார்த்தாயா? உனக்கும் எனக்கும் இது புதுசில்லை.

இடையில் இருந்தவர்கள் சில் மெணியோ என்று நாம் கூப்பிடுகிற பத்துச் சீலப் பெண்கள். 1905இல் பர்மாவிலிருந்து துறவியாய்த் திரும்பிய சுதம்மாசாரி, கண்டி கட்டுக்கலையில் அவர்களுக்கென்று ஓர் இடம் அமைத்தார். மதிப்பு இருந்தது, அந்தஸ்து இல்லை. கடைசியில் 1996 டிசம்பரில் சாரநாத்தில், கொரிய நாட்டுத் துறவியர் முன்னிலையில், இலங்கைப் பெண்கள் பத்துப் பேர் பிக்குணிகள் ஆனார்கள். விஞ்ஞானம் படிப்பித்த ஆசிரியையான குசுமா அதில் ஒருவர். 1998இல் புத்தகயாவில் தைவான் துறவியரோடு இன்னும் பலர். அதே வருஷம் தம்புள்ளையில் இனாமலுவே சுமங்கல தேரர் துணிந்து இலங்கை மண்ணிலேயே நடத்தினார். சீனாவுக்குக் கொடுத்தது சீன, கொரியப் பெண்களின் கையால் திரும்பி வந்தது. ஒரு பெண் பத்திரமாக வைத்திருந்ததை இன்னொரு பெண்ணிடம் ஒப்படைப்பது என்றால் இதுதான்.

பிக்குகளின் பெரும் பிரிவுகளான நிகாயங்கள் இன்னும் இதை ஏற்கவில்லை. தாய்லாந்தில் 1928இல் போட்ட தடைக் கட்டளை அப்படியே கிடக்கிறது, அங்குள்ள பெண்கள் நம் நாட்டுக்கு வந்துதான் துறவு பெற்றுப் போகிறார்கள். இங்கே அடையாள அட்டையில் பிக்குணி என்று போட மறுத்த வழக்கு பன்னிரண்டு வருஷம் இழுத்தது. 2025இல்தான் உச்ச நீதிமன்றம் அது அடிப்படை உரிமை மீறல் என்று சொன்னது. ஆராமயவில் அன்று பாற்சோறு. சின்னப் பிக்குணி ஒருத்தி பத்திரிகையை வெட்டிச் சுவரில் ஒட்டிவிட்டாள்.

நீ வகுப்பில் மணிமேகலை நடத்தியவள். உனக்கு நான் சொல்ல வேண்டுமா? ஆனாலும் இப்போது திரும்ப எடுத்தபோது ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். மணிமேகலா தெய்வம் அவளிடம், இளையவள், வளையல் போட்டவள் என்று உனக்கு எவரும் உட்பொருள் சொல்லமாட்டார்கள், வேறு உருவம் எடுத்துக்கொள் என்கிறது. வஞ்சியில் அவள் மாதவன், அதாவது ஆண் துறவி, வடிவில்தான் சமயவாதிகளிடம் கேட்கிறாள். காஞ்சியில் அறவண அடிகளிடம் மட்டும் அந்த வேஷம் தேவைப்படவில்லை. தருக்கம் முதற்கொண்டு எல்லாவற்றையும் அவர் அவளுக்குச் சொல்கிறார். அவள் அமுதசுரபி பெற்ற மணிபல்லவம் நயினாதீவுதான் என்று பலரும் சொல்கிறார்கள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கியவளும் அவள்தான். பௌத்தம் நம் மொழியில் ஒரு பெண்ணின் கையில் பிச்சைப் பாத்திரத்தோடு வந்தது, கமலா. ஆயுதத்தோடு வருவதைப் பார்த்து நீ கோபப்படுவது அவளுக்கும் விளங்கும்.

இனி ஒரு விஷயம் கேட்க வேண்டும், தயங்கித் தயங்கித்தான் கேட்கிறேன். டிசம்பரில் வருகிற உந்துவப் போயா சங்கமித்தைக்குரியது. அதற்கு முன்பே, கூட்டமும் கொடியும் வருமுன், அந்தக் கரையைப் பார்க்க வேண்டும் என்று நம் பிக்குணிக்கு ஆசை. படை முகாமிலோ பெரிய விகாரையிலோ தங்க அவருக்கு மனமில்லை. தமிழ் வீடு ஒன்றில் ஒரு இரவு தங்க முடியுமா என்று கேட்டார். உன் காணிக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியென்றால் முதலில் அவரிடம் கேளுங்கள். மாட்டேன் என்றால் அது நியாயம்" என்றார்.

வந்தால் இரண்டு பேர் வருவார்கள், பிக்குணிகள் தனியே பயணம் போகக்கூடாது. நானும் கூட வருவேன். நீயும் அம்மாவும் மட்டும் இருக்கிற வீடு என்பதும் அவர்களுக்கு வசதி, ஆண்கள் இருக்கும் கூரையின் கீழ் தூங்கமாட்டார்கள். நடுப்பகலுக்குப் பிறகு சாப்பாடு கிடையாது, ஆகவே இரவுக்கு எதுவும் சமைக்காதே. பால் இல்லாத தேநீர் போதும். காலையில் நீ அவிக்கிற பிட்டும் சம்பலும் இருந்தால் சந்தோஷமாய்ச் சாப்பிடுவார்கள், மாசிக்கருவாடு பற்றி நான் கேட்டுச் சொல்கிறேன். அம்மாவிடமும் கேள். உனக்கு மனமில்லை என்றால் மனமில்லை என்று ஒரு வரி எழுது, நான் வேறு ஏற்பாடு செய்துகொள்கிறேன். நான் மட்டும் தை பிறந்ததும் வந்து உன்னோடு நாலு நாள் இருந்துவிட்டு வருவேன்.

அன்புடன்,
உன் மாத்தளைத் தோழி