படத்தில் இருந்தது வண்ணத்துப்பூச்சி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இதழில், சுவரில் இறக்கை விரித்து உட்கார்ந்திருந்த ஒரு பெரிய பூச்சியின் படத்தைப் போட்டு, 'ராட்சத வண்ணத்துப்பூச்சி: விஷமுள்ளதோ என அச்சம்' என்று எழுதியிருந்தீர்கள். அது அட்லஸ் அந்துப்பூச்சி. விஷமும் கிடையாது, கடிக்கவும் கடிக்காது. வளர்ந்த பூச்சிக்குச் சாப்பிட வாயே இல்லை. புழுவாக இருந்தபோது தின்று சேர்த்ததை வைத்துச் சில நாட்களை ஓட்டிவிட்டு, இணை சேர்ந்து முட்டையிட்டதும் போய்ச் சேர்ந்துவிடும். உணர்கொம்பைப் பார்த்திருந்தாலே சந்தேகம் தீர்ந்திருக்கும். வண்ணத்துப்பூச்சிக்கு அது நுனி தடித்த குச்சி மாதிரி இருக்கும். உங்கள் படத்தில் இருந்தது இறகு மாதிரி.

சரி, அது ஒரு வரித் திருத்தத்தில் முடிகிற விஷயம். அதே பக்கத்தின் கீழே, நம் வட்டார அந்துப்பூச்சிகளுக்கு ஓர் அட்டவணை தயாராகிறது, வாசகர்கள் படம் எடுத்து அனுப்பலாம் என்று ஒரு சின்னச் செய்தி இருந்ததே, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் 31 வருடம் தபால் பிரிக்கும் வேலை பார்த்தவன். ஓய்வு பெற்ற பிறகு 9 வருடமாக, நிலா இல்லாத ராத்திரிகளில் மொட்டை மாடியில் வெள்ளைத் துணி கட்டி, விளக்கு போட்டு, வந்து உட்காருகிறவற்றை நோட்டில் எழுதி வருகிறேன். பௌர்ணமியை ஒட்டி விளக்கு வைத்தால் கூட்டம் குறைவு. பூச்சிக்கும் அஞ்சல் பிரிவுக்கும் என்ன சம்பந்தம் என்று என் மருமகள் கேட்பாள். எனக்கு இரண்டும் ஒரே வேலையாகத்தான் தெரிகிறது. முகவரி தெளிவாக இருந்தால் உரிய கட்டத்தில் போடலாம். ஆள் வீடு மாறிப் போயிருந்தால் பழைய முகவரியை அடித்துப் புதியதை எழுதி அனுப்பவேண்டும். பழையதைப் படிக்க முடியாதபடி கிறுக்கிவிட்டால் அடுத்த ஆள் திண்டாடுவார்.

அந்துப்பூச்சிகளில் இப்படி வீடு மாறியவை ஏராளம். புகையிலை வெட்டுப்புழுவை விவசாயிகள் இன்றைக்கும் 'புரோடினியா' என்பார்கள். புத்தகத்தில் அது ஸ்போடாப்டெரா லிட்டுரா ஆகி வெகுகாலம் ஆயிற்று. 'ஹீலியோதிஸ்' என்று மருந்துக் கடையில் கேட்கிற பச்சைக் காய்ப்புழு, 1965ல் ஹெலிகோவெர்பா என்ற பேரினம் பிரிக்கப்பட்டபோது அங்கே போய்விட்டது. நீலகிரியில் தேயிலைத் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்த ஹாம்ப்சன், 1892 முதல் 1896 வரை நான்கு தொகுதிகளில் இந்திய அந்துப்பூச்சிகளை வகைப்படுத்தி வெளியிட்டார். அதில் தனித்தனிக் குடும்பங்களாக இருக்கும் ஆர்க்டிடே, லைமான்ட்ரிடே இரண்டும் இப்போது எரிபிடே என்ற பெரிய குடும்பத்துக்குள் துணைக்குடும்பங்கள். பழைய பெயரைக் கீழே குறிக்காமல் புதுப் பெயரை மட்டும் அச்சடித்தால், நூற்றிச் சொச்சம் வருடத்துக் குறிப்புகள் பெறுநர் இல்லாத கடிதங்கள் ஆகிவிடும்.

என் பெரிய மனக்குறை வேறு. படம் அனுப்புங்கள் என்றால் எல்லோரும் விளக்கடியில் வந்த பூச்சியைத்தான் எடுப்பார்கள். நானும் 4 வருடம் அதைத்தான் செய்தேன். விளக்குக்கு வருகிறவை எவை என்பதற்கு மட்டும்தான் அது அட்டவணை. கூண்டுப்புழுவில் பல இனங்களின் பெண்ணுக்கு இறக்கையே கிடையாது. குச்சிகளைக் கோத்துக் கட்டிய அந்தக் கூண்டை விட்டு வெளியே வராமல் உள்ளேயே முட்டையிட்டுச் செத்துப்போகும். அதை எந்த விளக்கு கூப்பிடும்?

புழுவைக் கவனிக்கவேண்டும் என்கிறேன். 2018ல் கர்நாடகத்தில் தென்பட்டு, பிறகு மக்காச்சோளத்தை உண்டு இல்லை என்று ஆக்கிய படைப்புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தாய்ப்பூச்சி மங்கலான சாம்பல் நிறம்; விளக்கடியில் பத்தோடு பதினொன்று. புழுவுக்கோ தலையில் தலைகீழ் 'ஒய்', வால் பக்கம் சதுரமாக நான்கு புள்ளி. சின்னப் பையன்கூடச் சொல்லிவிடுவான்.

தமிழும் புழுவைத்தான் பார்த்திருக்கிறது. வெட்டுப்புழு, காய்ப்புழு, இலைச்சுருட்டுப்புழு, தண்டுத்துளைப்பான், கம்பளிப்பூச்சி, காவடிப்புழு என்று செய்கிற வேலையையும் தோற்றத்தையும் வைத்து எத்தனை பெயர்கள்! இறக்கை முளைத்துவிட்டால் எல்லாம் அந்து, அல்லது விட்டில். இந்தப் பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நடு உடம்பை வளைத்துத் தூக்கி நடப்பவை எல்லாம் காவடிதான், ஆனால் எல்லாம் ஒரே குடும்பம் இல்லை. ஆமணக்குக் காவடிப்புழு எரிபிடேயைச் சேர்ந்தது. நிலத்தை அளப்பதுபோல் நடப்பதால் ஜியாமெட்ரிடே என்று பெயர் வாங்கிய குடும்பம் வேறு. ஆகவே தமிழ்ப் பெயருக்கு ஒரு பத்தி, அறிவியல் பெயருக்கு ஒரு பத்தி, புழு தின்ற செடிக்கு ஒரு பத்தி. மூன்றும் வேண்டும்.

வளர்த்துப் பார்க்காமல் புழுவையும் பூச்சியையும் இணைக்க முடியாது. முதல் தடவை, நந்தியாவட்டையில் கிடைத்த பச்சைப் புழுவை ஜாடியில் வைத்தேன். தலைக்குப் பின்னால் நீலக் கண் மாதிரி இரண்டு பொட்டு. அரளி அந்துவின் புழு. பழுப்பாக மாறி, கூட்டுப்புழு ஆயிற்று. தினமும் போய் எட்டிப் பார்த்தேன். கடைசியில் வந்தது ஒரு ஈ! ஏதோ ஒரு தாய் ஈ முட்டையிட்டுப் போக, அதன் குட்டி உள்ளே இருந்தே என் புழுவைத் தின்று முடித்திருக்கிறது. மனசு விட்டுப்போயிற்று. அப்புறம் அதையும் தேதி போட்டு எழுதி வைத்தேன். இரண்டாம் தடவை, பச்சைப் பளிங்கு மாதிரி இறக்கையோடு அந்தே வந்தது.

இன்னொன்று. படத்தை வைத்து எல்லாவற்றுக்கும் இனப்பெயர் சூட்டிவிட வேண்டாம். சில இனங்களைப் பிரிக்க, வயிற்று நுனியைக் காஸ்டிக் பொட்டாஷில் ஊறவைத்து, இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உண்டு. அதுவரை பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். முகவரி சரியாகத் தெரியாத கடிதத்தை யார் வீட்டிலோ தள்ளிவிடுவதைவிட மேசையில் தனியாக எடுத்து வைப்பதே எங்கள் வழக்கம். என் நோட்டில் அப்படி 140க்கு மேல் காத்திருக்கின்றன.

அட்டவணை வேலையில் இருப்பவர்கள் கேட்டால் 6 நோட்டையும் தருகிறேன். கையெழுத்து கொஞ்சம் மோசம். தபால்காரர் யாராவது பக்கத்தில் இருந்தால் படித்துச் சொல்லிவிடுவார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் பிரிப்பாளர் ஒருவர்