பெட்ரிகிவ்கா ரஷ்ய ஓவியம் அல்ல, ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் எங்கள் ஓவிய வகுப்புப் படத்தைப் போட்டதற்கு நன்றி. அதன் கீழே 'ரஷ்ய நாட்டுப்புற ஓவியம் பழகும் ரொறன்ரோ பெண்கள்' என்று எழுதியிருந்ததற்குத்தான் நன்றி சொல்ல வாய் வரவில்லை. படத்தின் நடுவில் தூரிகையோடு நிற்கிறாரே, அவர் 2022இல் உக்ரேனின் ட்னிப்ரோ நகரில் வீட்டைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளோடு இங்கே வந்தவர். ஏன் வந்தார் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, அந்தப் போர் எத்தனை வாரம் உங்கள் முதற்பக்கத்தில் வந்தது!

அது பெட்ரிகிவ்கா ஓவியம். ட்னிப்ரோவுக்கு அருகே அதே பெயரில் உள்ள ஊரில், பெண்கள் வெள்ளையடித்த வீட்டுச் சுவரிலும் அடுப்பைச் சுற்றியும் பூவும் பழமும் வரைந்து வளர்த்த கலை. 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்ததும் உக்ரேனின் கலையாகத்தான். பொன்னிறம் மின்னும் மரக்கோப்பைகளில் வருகிற ஹொஹ்லோமாதான் ரஷ்யர்களுடையது. இரண்டும் ஒன்றென்று எப்படித் தோன்றியதோ.

பக்கத்து வீட்டு உக்ரேனிய அம்மா கூப்பிட்டுத்தான் எங்கள் வகுப்பு நடக்கும் தேவாலயத்துக்கு நான் போனேன். நான் சைவம், ஒருவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கீழ்மண்டபத்தில் ஒரு பக்கம் நிதி சேர்க்க வரெனிகி என்ற உக்ரேனியக் கொழுக்கட்டை பிடிப்பார்கள், மறுபக்கம் நாங்கள் வரைவோம். பென்சில் கூடாது, நேரே தூரிகைதான். பூனை முடியில் கட்டிய மெல்லிய தூரிகையை ஒரு நிறத்தில் தோய்த்து, நுனியை மட்டும் இன்னொரு நிறத்தில் தொட்டு ஒரே இழுப்பில் இழுத்தால் இதழில் இரண்டு நிறமும் கலந்து இறங்கும். சிறு பழங்களுக்கு விரல் நுனியே போதும். அந்தக் காலத்தில் முட்டை மஞ்சள்கருவில் நிறம் குழைத்தார்களாம், நாங்கள் பாவிப்பது கடையில் வாங்கும் குவாஷ் வண்ணம்தான். அந்த ஊரில் 1936இல் தொடங்கிய பள்ளியில் இதைச் சொல்லிக்கொடுத்த தெத்தியானா பாத்தாவைப் பற்றி எங்கள் ஆசிரியை கதைக்கத் தொடங்கினால் வரெனிகி ஆறிப்போகும்.

இதையெல்லாம் எழுதித்தான் படத்தோடு அனுப்பினேன். எழுத்து உங்கள் குப்பைக்கூடைக்குப் போனது, படம் மட்டும் வந்தது. முன்பும் இப்படித்தான், பிசங்கா என்ற உக்ரேனியச் சித்திர முட்டைகளைப் பற்றி நான் எழுதிய கட்டுரை 'மகளிர் பொழுதுபோக்கு' என்ற தலைப்பில் பாதியாக வெட்டுப்பட்டு வந்தது. மெழுகால் கோடு போட்டுச் சாயத்தில் மாறி மாறித் தோய்க்கும் வேலை உங்களுக்குப் பொழுதுபோக்கு, அரைப்பக்கப் பிறந்தநாள் வாழ்த்துதான் செய்தி! காசு கொடுப்பவர்களுக்குத்தான் இடம் என்றால் அதையாவது வெளிப்படையாகச் சொல்லிவிடலாம்.

நம் ஆட்கள் ஒரு நடனம் ஆட, அதை இங்குள்ள ஆங்கிலப் பத்திரிகை சிங்கள நடனம் என்று போட்டிருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? ஆசிரியத் தலையங்கமே வந்திருக்கும்.

எங்கள் ஆசிரியைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று ஆசையாகக் கேட்டார். இன்னும் சொல்லவில்லை. அடுத்த இதழில் இரண்டு வரி திருத்தம் போடுங்கள், சேலை விளம்பரத்துக்குக் கீழே என்றாலும் சரி.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருவர்,
ரொறன்ரோ