பீகிள் நாய் வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கூட்டங்களும் தடுப்பூசி முகாமும் வழக்கம்போல நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு என் நேரத்தைத் தின்றது வலிப்பு விவரம் சேகரித்ததுதான்.

ஆறு மாதத்திலிருந்து ஆறு வயதுக்குள் தொடங்கி, ரத்தத்திலும் ஸ்கேனிலும் காரணம் சிக்காத வலிப்பு பீகிளில் பரம்பரையாக வரக்கூடியது. அதற்கு மரபணுச் சோதனை இன்னும் இல்லை. லஃபோரா என்ற வலிப்பு நோய் வேறு. அதன் மரபணுப் பிழையை 2005இல் வயர்ஹேர்டு டாக்ஸ்ஹண்டு என்ற நாய் இனத்தில் கண்டுபிடித்தார்கள்; பீகிளிலும் அது உண்டு. வயதான நாய், டிவி மினுக்கினாலோ யாராவது சட்டென்று கையை நீட்டினாலோ தூக்கிவாரிப் போட்டதுபோல உதறும். இதற்குச் சோதனை உண்டு. தாயும் தகப்பனும் நோயில்லாமல் பிழையை மட்டும் சுமந்தால், ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

சரி, நாம் என்ன செய்தோம்? பழைய காலண்டரின் பின்பக்கம் வம்சாவளிப் படம் வரைந்தேன். ஆணுக்குச் சதுரம், பெட்டைக்கு வட்டம், ஃபிட்ஸ் வந்திருந்தால் உள்ளே கறுப்பு. நம் பேப்பர்களில் தாத்தா பாட்டி பெயர் வரை இருக்கிறது, யாருக்கு ஃபிட்ஸ் வந்தது என்பது இல்லை. நாலு மாதமாக என் ஜிம்மியின் சதுரம் மட்டுமே கறுப்பு. கேட்டால் வெயில், பூச்சி, எதையோ தின்றுவிட்டான் என்றார்கள்.

ஜூலைக் கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது ஒருவர் கிட்டே வந்தார். "சார், எங்க வீட்டுப் பொண்ணுக்கும் விடியக்காலைல வருது. நாலு காலும் நீச்சலடிக்கிற மாதிரி அடிக்கும். எழுதிக்கோங்க, பேரை மட்டும் வாசிக்காதீங்க." பேப்பரைப் பார்த்தால் அதற்கும் ஜிம்மிக்கும் ஒரே தாத்தா. இணை சேர்க்க எல்லோரும் தேடிப் போனது அந்தத் தாத்தா நாயைத்தான், நான் உட்பட. இரண்டு கறுப்பை வைத்து அவன்மேல் பழி போட முடியாது. குட்டி விற்றவரிடம் விவரம் கேட்டேன், போனை வைத்துவிட்டார்.

"எங்க நாய்க்குத்தான் ஒன்றுமில்லையே" என்று வலிப்பு விவரப் படிவத்தைத் திருப்பித் தந்தவர்கள் மறுபடி வாங்கிக்கொள்ளவும். ஏழு வயது தாண்டியும் ஃபிட்ஸே வராத நாய்தான் ஒப்பிட்டுப் பார்க்கத் தேவை. பெல்ஜியன் ஷெப்பர்டு இன நாயில் வலிப்போடு தொடர்புள்ள ஏடிஏஎம்23 மரபணு 2012இல் பிடிபட்டதும், வலிப்புள்ள நாய்களையும் இல்லாத நாய்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால்தான்.

அப்புறம், ஃபிட்ஸ் வந்தால் மொபைலில் வீடியோ எடுங்கள், நேரத்தைக் குறியுங்கள். 5 நிமிடம் தாண்டினால் படம் எடுத்துக்கொண்டு நிற்காமல் டாக்டரிடம் ஓடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

காலண்டர் அடுத்த கூட்டத்துக்கும் வரும். பெயர் வாசிக்க மாட்டேன்.

செயலாளர்