விதை வேறு, இன்சுலின் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மரபணு மாற்றம் செய்த எந்தப் பொருளையும் வீட்டுக்குள் விடாதீர்கள் என்று வாசகர் ஒருவர் எழுதிய கடிதம் சென்ற வாரம் நம் நாளிதழில் வந்திருந்தது. நான் மன்னார்குடியில் மருந்துக்கடை நடத்துகிறேன். அந்தக் கடிதத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு ஓர் அம்மா கடைக்கு வந்துவிட்டார். மகளுக்கு வாங்கும் இன்சுலின் பெட்டியைக் காட்டி, "இதுவும் அதுதானாமே, நிறுத்திடட்டுமா?" என்று கேட்டார். பள்ளிக்கூடம் போகும் பெண். முதல் வகைச் சர்க்கரை நோய் என்பதால் இன்சுலின் அவள் உடம்பில் அநேகமாகச் சுரப்பதே இல்லை. ஊசியை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்து. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்த அம்மா கேட்டதில் ஒரு பாதி உண்மை. இன்று கடையில் கிடைக்கும் இன்சுலின் மரபணு மாற்றத்தால் வந்ததுதான். 1978இல் கலிபோர்னியாவில் ஜெனன்டெக் நிறுவனமும் சிட்டி ஆஃப் ஹோப் ஆய்வு மையமும் சேர்ந்து, மனித இன்சுலினுக்கான மரபணுவை ஆய்வகத்திலேயே தயாரித்து ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்தன. இன்சுலினில் இரண்டு சங்கிலிகள் உண்டு: ஒன்றில் 21 அமினோ அமிலம் (புரதம் என்ற மாலையில் கோத்த மணிகள் மாதிரி), மற்றதில் 30. இரண்டையும் தனித்தனி பாக்டீரியாவில் வளர்த்து, பிரித்தெடுத்து, பிறகு இணைத்தார்கள். 1982இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. அப்புறம் ஈஸ்ட்டிலும் செய்ய ஆரம்பித்தார்கள். நம் பக்கத்தில் பெங்களூரு பயோகான், பிச்சியா என்ற ஈஸ்ட்டில் உருவாக்கிய மனித இன்சுலினை 2004இல் சந்தைக்குக் கொண்டுவந்தது.

அதற்கு முன்னால் என்ன இருந்தது என்பதை இளைஞர்கள் அறிய மாட்டார்கள். மாட்டின் கணையம், பன்றியின் கணையம். இறைச்சிக்கூடத்திலிருந்து இரண்டு டன்னுக்கு மேல் வாங்கி அரைத்து வடித்தால் கால் கிலோ இன்சுலின்கூடத் தேறாது என்பார்கள். அப்பா கல்லாவில் உட்கார்ந்திருந்த காலத்தில், "இது மாடா, பன்றியா?" என்று சிலர் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். ஒருவருக்கு மாடு ஆகாது, இன்னொருவருக்குப் பன்றி ஆகாது. இரண்டுமே ஆகாதவர் மருத்துவர் எழுதியதை வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விடுவார். மாட்டு இன்சுலின் மனித இன்சுலினிலிருந்து மூன்று அமினோ அமிலங்களில் வேறுபடும், பன்றியுடையது ஒன்றில். சிலருக்கு ஊசி போட்ட இடத்தில் தோல் தடிக்கும், இல்லாவிட்டால் சதை வற்றிக் குழி விழும். பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் தரும் மனித இன்சுலின் நம் கணையம் சுரப்பதைப் போலவே அமைந்தது. இப்போது யாரும் மாடா பன்றியா என்று கேட்பதில்லை.

மஞ்சள் காமாலை பி தடுப்பூசியையும் சொல்ல வேண்டும். முதலில் அதை, கிருமி தாங்கியவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்தார்கள். பிறகு வைரஸின் மேலுறைப் புரதத்தை மட்டும் ஈஸ்ட்டில் உற்பத்தி செய்யக் கற்றுக்கொண்டார்கள். அதில் முழு வைரஸே கிடையாது, நோய் தொற்றும் பேச்சுக்கே இடமில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த ஊசியின் விலை சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாமல் இருந்தது. ஹைதராபாதில் வரபிரசாத் ரெட்டி தொடங்கிய சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997இல் உள்நாட்டிலேயே அதைத் தயாரித்த பிறகுதான் விலை இறங்கியது. அவர் படித்தது மின்னணுப் பொறியியல் என்பது எனக்கு இன்றைக்கும் வியப்பு. 2011 டிசம்பரில் தமிழகத்தில் தொடங்கிய பென்டாவேலன்ட் குழந்தைத் தடுப்பூசியில் இருக்கும் ஐந்தில் ஒன்று இதே மஞ்சள் காமாலை பி. கடிதம் எழுதிய வாசகரின் பேரக் குழந்தைகளும் போட்டிருப்பார்கள்.

அவருடைய கவலையை நான் கேலி செய்யவில்லை. விதை விஷயத்தில் எனக்கும் தயக்கம் உண்டு. 2010இல், பூச்சியைத் தானே எதிர்க்கும்படி மரபணு மாற்றிய பிடி (Bt) கத்தரிக்காயை மத்திய அரசு நிறுத்தி வைத்தபோது, சரி, அவசரப்படாமல் இருப்பதே நல்லது என்று நினைத்தவன் நான். விதை திறந்த வெளியில் முளைக்கிறது, மகரந்தம் பக்கத்து வயலுக்குப் போகிறது, அடுத்த போகத்துக்கு விதையை யாரிடம் வாங்குவது என்ற கேள்வியும் கூடவே வருகிறது. மருந்துத் தொழிற்சாலையில் நடப்பது வேறு. பாக்டீரியா எஃகுத் தொட்டிக்குள்ளேயே வளர்ந்து அங்கேயே அழிக்கப்படுகிறது. வெளியே வருவது சுத்திகரித்த புரதம் மட்டும். நுண்ணுயிரையே வெளியில் விடுவது என்றால் அறிவியல்காரர்களுக்கும் தயக்கம் இருந்திருக்கிறது. வங்காளத்தில் பிறந்த ஆனந்த சக்கரவர்த்தி அமெரிக்காவில் கச்சா எண்ணெயைத் தின்னும் பாக்டீரியாவை உருவாக்கினார். அதற்குக் காப்புரிமை தரலாம் என்று 1980இல் அங்கே உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. இவ்வளவு புகழ் வந்தும் அந்த பாக்டீரியாவைக் கடலில் கொட்டிய எண்ணெய்மேல் இறக்கிவிடவில்லை.

இன்சுலினில் பயப்பட வேண்டிய விஷயங்கள் வேறு இருக்கின்றன. புதுவகை இன்சுலின் பேனாக்களின் விலை ஒன்று. கோடையில் மின்சாரம் போய் ஃப்ரிட்ஜ் நின்றுவிடுவது இன்னொன்று. எல்லாவற்றையும்விட மோசமானது ஊசிக் குழப்பம். குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்றிருந்தால் சிவப்பு மூடி ஊசி, 100 யூனிட் என்றிருந்தால் ஆரஞ்சு மூடி ஊசி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் அதே கோடு வரை இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். சர்க்கரை சரிந்து ஆள் மயங்கி விழுவார். இதைப் பற்றி ஒரு வாசகர் கடிதமும் நான் பார்த்ததில்லை.

மரபணு மாற்றத்தை எதிர்க்கும் கடிதங்களைத் தாராளமாக வெளியிடுங்கள், விவாதம் நடக்கட்டும். கூடவே, மருத்துவரைக் கேட்காமல் இன்சுலினை நிறுத்தக் கூடாது என்று ஒரு வரியை அடியில் சேர்த்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மருந்தாளுநர் ஒருவர்,
மன்னார்குடி